எஸ்தர் அக்கா எடுத்த குழந்தைப் படம்

விருதுநகரில் இப்போது ஒரு பெண் குழந்தைகளைப் போட்டோ எடுக்கிறாள். வயது இருபத்தைந்துகூட இருக்காது. பிரம்புக் கூடையில் பஞ்சு மெத்தை போட்டு, சுற்றிலும் துணி ரோஜாக்களை அடுக்கி, நடுவில் பிள்ளையைப் படுக்க வைத்து எடுத்து, பாட்டுச் சேர்த்துப் போனில் போடுகிறாள். காலையில் பல் தேய்க்கும் முன்பே அதைத் திறந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ரசிக்க அல்ல, குறை கண்டுபிடிக்க. மூக்குக்குக் கீழே நிழல் விழுந்திருக்கிறதா, கூடையின் விளிம்பு கோணலா, பின்னால் சுவரில் சுவிட்ச் போர்டு தெரிகிறதா என்று விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஏதாவது அகப்பட்டால் அன்றைக்கு இட்லி இரண்டு கூடுதலாக இறங்கும்.

"ஏங்க, லைக்கு எண்ணி முடிச்சிட்டீகளா? காப்பி ஆறுது" என்பாள் என் மனைவி. அவளுக்கு என்னைப் பற்றித் தெரியும். முழுக்கத் தெரியுமா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் அந்தப் பெண் போட்ட படத்தில் ஏழெட்டு மாதப் பிள்ளை ஒன்று வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. இடது கன்னத்தில் மையால் வைத்த வட்டமான திருஷ்டிப் பொட்டு. நான் வழக்கம்போல இரண்டு குறை கண்டுபிடித்தேன். ஆனால் சிரிப்பு நிஜமாக இருந்தது, பொட்டும் இருந்த இடத்தில் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். மை வாசனையும் பிள்ளைப் பவுடர் வாசனையும் எங்கிருந்தோ வருவதுபோல இருந்தது. எங்கள் வீட்டில் இப்போது கைக்குழந்தை யாருமில்லை.

நான் தொழில் தொடங்கியபோது என்னிடம் ஒரு கேமரா, இரண்டு லென்சு, ஒரு குடை விளக்கு, ஒரு பழைய டி.வி.எஸ். வண்டி இருந்தன. அதற்கு முன் ஆறு வருஷம் ஒரு ஸ்டுடியோவில் வேலை. மாப்பிள்ளைகளின் முகப்பருவைக் கம்ப்யூட்டரில் நீக்குவது, பெண்களின் கழுத்தை முகத்தின் நிறத்துக்குக் கொண்டுவருவது, மாமனார் தலையில் கொஞ்சம் முடி நட்டுவைப்பது, இதெல்லாம் என் பொறுப்பு. ஒருநாள் முதலாளியோடு ஏதோ பேச்சு முற்றி, "நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்த பிறகுதான் என்ன பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்ற கேள்வியே வந்தது. சிவகாசியில் விசிட்டிங் கார்டு அடிப்பது சுலபம் என்பதால் முதல் வேலையாக அதைச் செய்தேன். என் பெயருக்குக் கீழே 'ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர்' என்று போட்டேன். அதைப் பார்த்த சித்தப்பா ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டுடியோ எங்கன இருக்கு?" என்றார். ஸ்டுடியோ கிடையாது, கூப்பிட்ட இடத்துக்கு நானே போவேன் என்றேன். "அப்படிச் சொல்லு. கடையில்லாத போட்டோக்காரன்" என்றார். ரொம்ப நாள் சொந்தத்தில் அதுதான் என் பெயர்.

கடையில்லாதவனுக்கு முதலில் வேலை கொடுத்தது பட்டாசுக் கம்பெனிகள்தான். தீபாவளி சீசனுக்கு முன்னால் விலைப்பட்டியல் அடிப்பார்கள். அதற்குப் புஸ்வாணம், தரைச்சக்கரம், சாட்டை எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காய்ந்த காட்டுக்கு நடுவே கம்பெனி இருக்கும். கேட்டிலேயே போன், பேட்டரி, செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். கேமரா உள்ளே போகக் கூடாது. கேட்டுக்கு வெளியே தள்ளி இருக்கும் ஆபீஸுக்குப் போர்மேன் ஒரு தாம்பாளத்தில் மருந்து ஏற்றாத வெறும் கூடுகளைக் கொண்டுவந்து வைப்பார். வெள்ளை சார்ட் பேப்பரை வளைத்து ஒட்டி, அதன்மேல் ஒவ்வொன்றாக நிற்க வைத்து எடுப்பேன். வெளிச்சம் போடுவதில் நான் கெட்டிக்காரன், இதை என் எதிரிகூட ஒப்புக்கொள்வான். ஜிகினாத்தாள் சுற்றிய ஒரு சாதாரண புஸ்வாணத்தைத் தங்கக் கோபுரம் மாதிரி காட்டிவிடுவேன். அதைவிட முக்கியம், புஸ்வாணம் அழாது.

பிள்ளைகள் அழும். என்னைப் பார்த்தால் கூடுதலாக அழும். அது ஏனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மீசையை எடுத்துப் பார்த்தேன், கிலுகிலுப்பை வாங்கி வைத்துப் பார்த்தேன். கிலுகிலுப்பையைக் கண்டதும் ஒரு பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலமாகிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் தொழில் என்றால் பாதி பிள்ளைகள்தான். மொட்டை, காதுகுத்து, பெயர் சூட்டுவது, முதல் பிறந்தநாள் என்று ஒரு பிள்ளை ஒரு வயதுக்குள் நான்கு தடவை போட்டோக்காரனைப் பார்த்துவிடும்.

எஸ்தர் அக்காவை நான் முதலில் பார்த்தது இருக்கன்குடியில் ஒரு காதுகுத்தில். அக்கா அப்போது சாத்தூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் கையால் வாங்கிய பிள்ளை என்பதால் அந்த வீட்டார் அழைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, அதே வெள்ளைச் சேலையோடு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளை தாய்மாமன் மடியில் இருந்து திமிறிக் கதறுகிறது. நான் குனிந்தும் நிமிர்ந்தும் சாகசம் செய்கிறேன். அக்கா எழுந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்று, "ஹா... ஹா..." என்று கண்ணைச் சுருக்கி மூக்கை விரித்துப் பெரிய தும்மல் ஒன்றுக்கு ஆயத்தமாகி, கடைசியில் எலி தும்முவது மாதிரி "ச்சூ" என்றார். பிள்ளை அழுகையை நிறுத்தியது. இன்னொரு தடவை. பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது. நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் அந்தக் குடும்பத்தில் எல்லார் வீட்டிலும் தொங்கியது. என் திறமை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளை இருக்கும் வேலைகளுக்கு அக்காவையும் கூட்டிப் போனேன். டியூட்டி இல்லாத நாளில் வருவார். மூன்றாவது தடவை போனபோது, "தம்பி, இதை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுக்கீகளா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேமராவைக் கையில் கொடுத்து, ஒளி எவ்வளவு உள்ளே வர வேண்டும், எதில் குறி வைக்க வேண்டும் என்று ஒரு மரத்தடியில் வைத்து விலாவாரியாகச் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். நர்ஸ் எழுத்து, ஒரு பிழை இருக்காது. ஆறு மாதத்தில் பழைய கேமரா ஒன்றை வாங்கினார். ஒரு வருஷத்தில் ஆஸ்பத்திரி வேலையை விட்டார். விசிட்டிங் கார்டு நான்தான் அடித்துக் கொடுத்தேன். அதில் 'ஃப்ரீலான்ஸ்' என்று போடச் சொன்னதும் நான்தான்.

எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தால், ஒரு வாசல்படி நினைவுக்கு வருகிறது. சாத்தூரில் ஒரு வீடு. நான் பையோடு போய் நிற்கிறேன். அந்த வீட்டுப் பெரியம்மா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா வரலையா?" என்றார். வாங்க என்று சொல்லவில்லை. தண்ணி குடிக்கீகளா என்று கேட்கவில்லை. அக்கா வரலையா. பிறகு அது எல்லா வாசலிலும் கேட்க ஆரம்பித்தது. அக்காவின் படங்களில் வெளிச்சம் சுமாராகத்தான் இருக்கும். தலை சில சமயம் வெட்டுப்படும். ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. பிள்ளை சிரிக்கிறது, அவ்வளவுதான். இதை நீங்கள் பெரிய மனதோடு தொழில் போட்டி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழில் போட்டியாக இருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன். இது பொறாமை. வயிற்றில் பச்சை மிளகாயை அரைத்து வைத்த மாதிரி இருக்கும். அக்கா நல்லபடியாகப் பேசும்போது கூடுதலாக எரியும்.

இனி கேலண்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஆடிப்பெருக்கு அன்றைக்குச் சிவகாசியில் பூஜை போட்டு அடுத்த வருஷத்துக் கேலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜென்டுகள் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். சாமி படம், இயற்கைக் காட்சி, குழந்தை படம் மூன்றும் எந்த வருஷமும் ஓடும். அந்தக் குழந்தை படத்தில் ஒன்றாவது நான் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது அந்த நாளில் எனக்கு இருந்த ஒரே பெரிய ஆசை. நினைத்துப் பாருங்கள், ஒரு வருஷம் முழுக்கப் பலசரக்குக் கடையிலும் டீக்கடையிலும் சைக்கிள் கடையிலும் நம் படம் தொங்கும். எனக்குத் தெரிந்த ஒரு பிரஸ் அண்ணாச்சியிடம் மூன்று வருஷம் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். "படம் பளிங்கு மாதிரி இருக்குய்யா. ஆனா பிள்ள மொறைக்குது. வீட்ல மாட்டுனா வருசம் பூரா மொறைக்கும்லா?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நாலாவது வருஷம் அக்கா கொண்டுபோன ஒரு படத்தை அண்ணாச்சி ஒரே பார்வையில் எடுத்து மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

அது முத்துமாரியின் பிள்ளை. முத்துமாரி ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊர், பட்டாசுக் கம்பெனியில் திரி கட்டும் வேலை. ஆஸ்பத்திரி வேலையை விட்டிருந்தும், அவளுடைய பிரசவத்துக்கு அக்காதான் கூட இருந்தார். வேலைக்குப் போய்வந்த பிறகு விரல் இடுக்கில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறம் போகும்வரை சீயக்காய் போட்டுத் தேய்த்த பிறகுதான் பிள்ளையைத் தொடுவாளாம். அந்த ஏழு மாதப் பெண் பிள்ளை, வீட்டு முற்றத்தில் ஒரு அலுமினியக் குண்டாவில் உட்கார்ந்திருக்கிறது. குண்டாவில் பட்ட வெயில் கீழிருந்து முகத்தில் அடிக்கிறது. நான் குடை விளக்கு வைத்து ஒரு மணி நேரம் போராடினாலும் வராத வெளிச்சம். கீழே இரண்டு பல். இடது கன்னத்தில் ஒரு குழி, அந்தக் குழியின் ஓரத்தில் முத்துமாரி தன் கையால் வைத்த கறுப்புப் பொட்டு. பிள்ளை அந்தத் தும்மலுக்குச் சிரித்திருக்கிறது என்பது பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. படத்தைப் பார்த்தால் நமக்கும் சிரிப்பு வரும். எனக்கு வந்தது. வந்ததும் கோபம் வந்தது.

முத்துமாரி சம்மதிக்க முதலில் தயங்கினாள். "எங்க கம்பெனி ஆபீஸ்லயும் மாட்டுவாகளா நர்சம்மா?" என்று கேட்டு, மாட்டலாம் என்றதும் முகம் மலர்ந்தாளாம். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பொட்டு இருக்கணும். பொட்டு இல்லாம எம் பிள்ள மொகம் ஊரு சுத்தக் கூடாது. எந்தக் கண்ணு எப்படிப் பாக்கும்னு நமக்கென்ன தெரியும்?" அக்கா வேறு சாமி கும்பிடுகிறவர், திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு தாய் பயப்படுவதை அவர் இளக்காரமாக நினைக்க மாட்டார். பொட்டு இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்.

பிரஸ்ஸில் டிசைனருக்கு அப்போது மூச்சுவிட நேரமில்லை. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்தப் படத்தைக் கொஞ்சம் கிளீன் பண்ணி நேரா இங்கன அனுப்பிரு. பின்னால சுவத்துல கறை இருக்கு பாரு." ஸ்டுடியோவில் ஆறு வருஷம் செய்த அதே வேலை. அன்றைக்கே அக்காவும் போனில் கூப்பிட்டார். "தம்பி, நீங்கதான் பாக்கீகன்னு அண்ணாச்சி சொன்னாக. எனக்கு அம்புட்டு நிம்மதி. அந்தப் பொட்ட மட்டும் தொட்டுறாதீக. அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"சரிக்கா" என்றேன்.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் கறையை எடுத்தேன். குண்டாவில் ஒரு நசுங்கலை எடுத்தேன். பிறகு முகத்தைப் பெரிதாக்கினேன். விரல் தன்னால் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படியில்லை. தெரிந்துதான் செய்தேன். பொட்டின் மேல் வட்டத்தைக் கொண்டுபோய் வைத்து, சரியாக மூடுகிறதா என்று பார்த்து, ஒரே அழுத்து. பொட்டு போனது. கன்னம் வழவழவென்று ஆனது. என்ன ஆகும் என்று நினைத்தேன் என்றால், அந்தத் தாய் வந்து அக்காவைக் கொஞ்சம் சத்தம் போடுவாள், அக்காவுக்கு ஒரு தடவையாவது ஒரு வீட்டில் கெட்ட பெயர் வரும், அவ்வளவுதான். கொஞ்சம் கெட்ட பெயர். எனக்கு அது போதும்போல இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "பளிச்சுனு இருக்கு" என்றார். அக்காவுக்கு யாரும் காட்டவில்லை. என்னிடம் இருந்த மூலப்படத்தையும் அன்றைக்கே அழித்தேன். அதையும் தெரிந்துதான் செய்தேன்.

ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வந்தது. அந்த வருஷம் அந்தப் பிள்ளைக்குத்தான் ஏகப்பட்ட ஆர்டர். மார்கழி கடைசியில் எங்கே திரும்பினாலும் அந்தச் சிரிப்புதான். டீ குடிக்கப் போனால் சிரிக்கும். மாத்திரை வாங்கப் போனால் சிரிக்கும். பொட்டில்லாமல், குழியில்லாமல், என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அக்காவிடம் ஒரு லென்சு வாங்க சாத்தூர் போயிருந்தேன். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். அக்கா அவளுக்கு என்ன சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் முத்துமாரி வந்து நின்றாள். கையில் சுருட்டிய கேலண்டர். பிள்ளைக்கு நான்கு நாள் காய்ச்சல், பிறகு வலிப்பு. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துப் பிழைத்துக்கொண்டது. லீவு சொல்லக் கம்பெனி ஆபீஸுக்குப் போனவள் சுவரில் தன் பிள்ளையைப் பார்த்திருக்கிறாள். முதலில் சந்தோஷம். அப்புறம் கன்னத்தைப் பார்த்திருக்கிறாள்.

"பொட்டு வச்ச பிள்ளையத்தான நர்சம்மா ஒங்க கையில குடுத்தேன்?" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. "ஒங்களுக்கு அதுல நம்பிக்கை இல்லைன்னா அங்கனயே சொல்லியிருக்கலாம்லா. பிள்ள மொகத்தத் தொடச்சு எத்தன ஊருக்கு அனுப்பிட்டீக?"

அக்கா கேலண்டரை வாங்கி விரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. பொட்டோடதான அனுப்புனீக?"

"ஆமாக்கா. பிரஸ்ல பிளேட் போடுறப்ப தூசின்னு நெனச்சு எடுத்திருப்பாக."

அதில் பாருங்கள், அது யாரும் நம்பக்கூடிய பதில். அச்சுக்குப் போடும் பிளேட்டில் சிறு கறுப்புப் புள்ளி இருந்தால் தூசி விழுந்திருக்கிறது என்று துடைத்துவிடுவது சிவகாசியில் சாதாரணமாக நடப்பதுதான். சொல்லி முடித்ததும் நானே பாதி நம்பிவிட்டேன். அக்கா கேலண்டரைப் பழையபடி சுருட்டினார். முத்துமாரியிடம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தப்பு என் மேலதான். நான் கடைசியா ஒரு தடவை போய்ப் பாத்திருக்கணும்" என்றார். முத்துமாரி கையை உருவிக்கொண்டு போனாள்.

எங்கள் பக்கத்தில் பேச்சு வேனில் போகும். காலையில் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போகும் வேன்கள் சாயங்காலம் அதே ஊர்களில் இறக்கிவிடும். முத்துமாரி தன் வேனில் சொன்னது மூன்றாம் நாள் இருபது ஊரில் இறங்கியிருந்தது. பொட்டை அழிச்ச போட்டோக்கார அம்மா. அதற்குப் பிறகு ஒரு தாயும் பிள்ளையை அக்கா முன்னால் உட்கார வைக்கவில்லை. பேசியிருந்த பிறந்தநாட்கள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. வாசலில் இப்போது, "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்றார்கள். நான் ரொம்ப ஜாக்கிரதையானேன். தாய் மறந்திருந்தாலும் நானே ஞாபகப்படுத்தி மை வைக்கச் சொல்வேன். இரண்டு தடவை கம்ப்யூட்டரில் நானே பொட்டு வைத்திருக்கிறேன். பொட்டு விஷயத்தில் நம்பிக்கையான ஆள் என்று பெயர் வாங்கினேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் சொன்னார்கள். தொழில் வளர்ந்தது. இரண்டாவது கேமரா, ஒரு உதவியாளர், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு அறை. கடையில்லாத போட்டோக்காரனுக்குக் கடை வந்தது.

பிள்ளைகள் மட்டும் முறைத்தன. என் மகள் பிறந்தாள், அவளும் முறைத்தாள். அவளுக்கு ஒரு வயதுக்குள் நான் எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் வெளிச்சம் அற்புதமாக இருக்கும்.

அக்கா ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்தார். ஞானஸ்நானம், கல்யாணம் என்று தன் சபைக்காரர்கள் கொடுத்த வேலைகளை மட்டும் பார்த்தார். பிறகு மறுபடி நர்ஸாகி மஸ்கட்டுக்குப் போய்விட்டார். வழியனுப்ப நான் போகவில்லை. முக்கியமான வேலை இருந்ததாகச் சொன்னேன். இருக்கவில்லை.

போன வருஷம் வெளிநாட்டு எண்ணில் இருந்து அழைப்பு. "தம்பி, நல்லாயிருக்கீகளா? மகளுக்குக் கல்யாணம். நீங்கதான் எடுக்கணும்." பதினோரு வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்டதும் முதலில் பயம் வந்தது, அப்புறம் நாணமில்லாமல் பெருமை வந்தது. போனேன். சாத்தூரில் சர்ச்சும் மண்டபமும் ஒரே தெருவில். அக்காவுக்கு முடி பாதி நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றியில் இரண்டு ஆழமான கோடு. பெண்ணோடு நிற்க வைத்துப் படம் எடுத்து முடித்ததும், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"என் மொகத்துல எதையும் எடுத்துறாதீக தம்பி. இருக்கதெல்லாம் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, "பந்தி ஓடிட்டிருக்கு, மொதல்ல சாப்பிடுங்க" என்று விருந்தாளிகள் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு மிச்சப் படங்கள் எப்படி எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவர் மஸ்கட் திரும்புவதற்கு முதல் நாள் படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. டீ வந்தது. "அக்கா, அந்தக் கேலண்டரு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி. அன்னைக்கே தெரியும்" என்றார். "பிளேட்டுல தொடச்சா பொட்டு மட்டும்தான் போவும். அதுல கன்னக்குழியும்ல போயிருந்துச்சு. நீங்க மாப்பிள்ளை மொகத்தையெல்லாம் வழிச்சு எடுப்பீகள்ல, அதே மாதிரி."

"அப்ப ஏங்க்கா அவகிட்டச் சொல்லலை?"

"சொன்னா நேரா ஒங்க வாசல்ல வந்து நின்னிருப்பா. வயிறெரிஞ்சு நாலு வார்த்த விட்டிருப்பா. உள்ள ஒங்க வீட்டம்மா ஏழு மாசப் பிள்ளத்தாச்சி. நான் எத்தன பிரசவம் பாத்தவ. அந்த நேரத்துல அவ அதைக் கேக்க வேண்டாம்னு நெனச்சேன்." டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார். "மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீக. ரெண்டு மூணு வருசம் ஒங்க பேரக் கேட்டாலே எரியும். ஜெபத்துல ஒங்க பேரச் சொல்ல ஆரம்பிச்சு பாதியில நிறுத்திருவேன்."

"அப்புறம் ஏன் என்னையக் கல்யாணத்துக்கு..."

"ஒங்களுக்கு வெளிச்சம் நல்லா வரும்லா. அது பொய்யில்லையே."

அந்த நேரத்திலும் அந்த வார்த்தை எனக்கு இனித்தது. இதைவிட என்னைப் பற்றி நான் என்ன சொல்ல? அந்தப் பழைய படம், பொட்டோடு இருப்பது, அவரிடம் இருக்கிறதா என்று கேட்டேன். எப்படியாவது பெரிதாகப் பிரிண்டு போட்டு முத்துமாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் ஒரு வேகம்.

"முத்துமாரி வந்துட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே அழிச்சிட்டேன் தம்பி. பாக்க முடியல. ஒங்ககிட்ட ஒண்ணு இருக்குமேன்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

இல்லை என்று தலையசைத்தேன்.

அண்ணாச்சி மேஜைக்குள் வைத்த பிரிண்டும் பிரஸ்ஸின் பழைய குப்பையோடு எப்போதோ போய்விட்டது. அந்த வருஷத்துக் கேலண்டர்கள் வருஷம் முடிந்ததும் கழற்றப்பட்டு, கடையில் பொட்டலம் மடிக்கவும் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போடவும் போயிருக்கும். முத்துமாரியின் மகள் இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். இன்னும் போகவில்லை. வெறுங்கையோடு போய் என்ன சொல்வது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் இத்தனை வருஷத்தில் எடுத்த படங்களில் அதுதான் நல்ல படம். அதை அதன் பொட்டோடும் குழியோடும் பார்த்தவர்கள் நான்கைந்து பேர்தான் இருப்போம். கண்ணை மூடினால் எனக்கு முழுசாகத் தெரிகிறது. குண்டாவில் இருந்து ஏறும் வெயில், இரண்டு பல், ஓரத்தில் அந்தக் கறுப்பு. ஐயோ, அழித்துவிட்டேனே என்றுதான் தோன்ற வேண்டும். தோன்றுகிறது, ஆனால் இரண்டாவதாகத்தான். முதலில் தோன்றுவது, இந்தப் படத்தை எடுத்தது நானாக இருந்திருக்கக் கூடாதா என்பது.